சரிவில் நின்ற ஜீப்

பிள்ளைகளே, உங்கள் மூத்த அக்கா பிறந்தபோது நாங்கள் மேகமலையில் ஒரு டீ எஸ்டேட்டில் குடியிருந்தோம். அங்கே ஜீப் ஓட்டியவர் உத்தமபாளையத்துக்காரர். நரைத்த தாடி, காதில் சொருகிய பீடி. எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவோம்.

"பிரசவம் சின்னமனூர் ஆஸ்பத்திரியிலதான், இன்ஷா அல்லா" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தினமும் ஜீப்பை எங்கள் வீட்டருகே சரிவில், முகம் கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைப்பார். பேட்டரி மக்கர் செய்தாலும் உருட்டிக் கிளப்பிவிடலாம்.

"அல்லா மேல பாரத்தப் போட்டுட்டீக, அப்புறம் கல்லு எதுக்குப் பாய்?" என்று உங்கள் அம்மா கேலி செய்வாள்.

"அது அவன் வேல. இது என் வேல, தாயி."

ஒருநாள் காலையில் வலி கண்டது. ஜீப் உருண்டுதான் கிளம்பியது. வழியில் நிறுத்தி மருத்துவச்சியையும் ஏற்றினார். "நேரமாகுது பாய்!" என்று நான் கத்தியதைக் காதில் வாங்கவில்லை. பாதி மலையில் ஒரு மரம் பாதையை அடைத்து விழுந்து கிடந்தது. மருத்துவச்சி ஜீப்பிலேயே பிரசவம் பார்த்தாள்.

பிள்ளை அழுத சத்தம் கேட்டபின் எனக்கு உயிர் வந்தது. "ஆஸ்பத்திரியிலதான்னு சொன்னீகளே பாய்" என்றேன்.

"சொன்னேன் தம்பி. முடிவு அவன் கையில. ஆனா மருத்துவச்சிய ஏத்தாம வந்திருந்தா, 'உனக்குப் புத்தி குடுத்தேனே, என்ன செஞ்ச'ன்னு நாளைக்கு அவன் கேப்பானே!"

சொல்லிவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து அரிவாளை எடுத்துக்கொண்டு மரத்தை வெட்டப் போனார். இறைவனிடம் அவருக்கு இருந்தது பயமா, பாசமா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.