மேடம் வீட்டுக் கத்தி

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஊசியில் நூல்கூடக் கோக்க மாட்டோம். பித்தான் அறுந்த சட்டை திங்கள்வரை காத்திருக்கும். ஆறு நாளும் செம்பூரில் சமையல் வேலைக்குப் போன அம்மாவுக்குக் கர்த்தருடைய கட்டளைகளில் மிகவும் பிடித்தது இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்த சூட்டோடு, எங்கள் ஒற்றை அறைக் கோலியின் கதவைச் சாத்திவிட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு கத்தியை எடுத்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. தாராவியில் பாலீஷ் பட்டறையில் வேலை பார்த்த மாமாவை, அம்மாவின் தம்பியை, கோயில் வாசலிலிருந்தே கையோடு கூட்டி வந்திருந்தாள்.

அது அம்மா சமையல் செய்யும் மேடம் வீட்டுக் கத்தி. மேடம் குடும்பத்தோடு வெளிநாடு போயிருந்தார்கள், சாவி அம்மாவிடம். திரும்பி வரும்போது சமையலறை பளபளவென்று இருக்கட்டும் என்று அம்மா எல்லாவற்றையும் கம்பி நாரால் தேய்த்திருக்கிறாள். இந்தக் கத்தி மட்டும் மங்கலாக இருந்ததாம். நம் ஆட்களுக்கு எவர்சில்வர் என்றால் முகம் தெரிய வேண்டும். விட்டேனா பார் என்று சுற்றிச் சுற்றித் தேய்த்ததில் அலகு முழுக்க வட்ட வட்டமாகக் கீறல்.

“அழுக்குன்னுலா நெனச்சேன்” என்றாள் அம்மா.

இதற்கு முந்தின வீட்டில் ஒட்டாத தோசைக்கல்லை இதே நாரால் சுரண்டித்தான் வேலை போனது. அதன்பிறகு மூன்று மாதம் நாங்கள் கஞ்சியும் துவையலுமாக இருந்தோம். இந்த மேடமோ மறுநாள், திங்கள் காலை, வருகிறார்கள்.

பட்டறை மெஷினில் பிடித்தால் ஒரு நிமிஷ வேலைதானே என்று நான் யோசனை சொன்னேன். மாமா சிரித்தார்.

“மெஷின்ல வச்சா கண்ணாடி மாரி ஆயிரும்ட்டி. மங்கலா இருக்கதுதான் இதுக்கு அழகு. கீறலும் போயிரும், கத்தியும் போயிரும்.”

வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கீறலுக்கு அடியில் பிடியிலிருந்து நுனிவரை மயிரிழை போன்ற கோடுகள், எல்லாம் ஒரே பக்கமாக. உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, அந்தக் கோட்டின் போக்கிலேயே இழுக்க வேண்டும். நுனி வந்ததும் தூக்கி, மறுபடி பிடியில் வைக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. முதலில் சொரசொரப்பான தாள், பிறகு அடுத்தது, கடைசியில் நைஸ் தாள். மூன்று தாளையும் கொடுத்து, கை அறுபடாமலிருக்கக் கத்தியின் வாய்ப்பக்கம் டேப்பும் ஒட்டிவிட்டு, முதலாளி சேட் லீவு தரவில்லை என்று மாமா பட்டறைக்குப் போய்விட்டார்.

அம்மா கத்தியைப் பலகையில் கிடத்தி, கோயிலுக்குக் கட்டிய சேலையோடே உட்கார்ந்தாள். இழுத்தாள், தூக்கினாள், வைத்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. அன்று போதகர் ஓய்வுநாளைப் பற்றித்தான் பிரசங்கம் செய்திருந்தார். நான் அதை ஞாபகப்படுத்தினேன். அம்மா தாளைத் திருப்பிக் கட்டையில் சுற்றிக்கொண்டாள்.

நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. அதற்குள் நைஸ் தாளில் பாதி முடிந்திருந்தது. “இப்படியே மெதுவா இழுத்துட்டு இரு” என்று சொல்லிவிட்டு அம்மா குடங்களோடு போனாள். பத்துத் தடவை நல்ல பிள்ளையாக இழுத்தேன். பிறகு கை வலித்தது. சீக்கிரம் முடித்து அம்மாவை அசத்திவிடலாம் என்று முதல் தாளை எடுத்துப் பரபரவென்று வட்டமாகத் தேய்த்தேன்.

அம்மா குடத்தை இறக்கிவிட்டு வந்து பார்த்தாள். அடி நிச்சயம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. திறந்தபோது, என் கையிலிருந்த சொரசொரப்புத் தாளை வாங்கி, முதலிலிருந்து இழுக்க ஆரம்பித்திருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கோடுகள் எல்லாம் ஒரு பக்கம் திரும்பின. ஆறிப்போன சோற்றை அதன்பிறகுதான் அவள் தொட்டாள். எனக்கு அழுகை வந்தது.

திங்கள் சாயங்காலம் வாசலிலேயே கேட்டேன், மேடம் பார்த்தார்களா என்று.

“பாத்தாவ. கொண்டுவந்த பெட்டி மேல டேப் ஒட்டியிருந்துது. அந்தக் கத்தியாலதான் அறுத்தாவ.”

வேலை போகவில்லை. மேடம் கொடுத்துவிட்ட வெளிநாட்டு சாக்லேட்டை என் கையில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“எம்மேல கோவமாம்மா?”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. “கோவப்படதுக்கும் தெம்பு வேணும்லா” என்றாள்.

அப்படியென்றால் கோபம் இல்லை! எனக்கு அவ்வளவு சந்தோஷம். சாக்லேட் முழுவதையும் நானே தின்றேன்.