வெள்ளிக்கிழமை நிற்கும் கார்

எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் யோகநாதன் அண்ணரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய பழைய மொறிஸ் மைனரைத் தள்ளாதவர்கள் இல்லை. நானே என் முதுகை அதற்குக் கொடுத்திருக்கிறேன். வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற மனிதர். காரை ஒருநாளும் ‘அது’ என்று சொல்லமாட்டார், ‘பிள்ளை’ என்றுதான் சொல்வார். கேட்கவே எரிச்சலாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைக்குக் குளிப்பு. பிறகு கண்ணாடிக்குத் திருநீறு, விளக்குகளுக்குக் குங்குமம், பெற்றோல் டாங்கியின் மூடிக்குத் தடிப்பாகச் சந்தனம். சாப்பிடுகிற வாய் அல்லவா என்பார். அன்றைக்கே கொஞ்சத் தூரம் ஓடியதும் கார் திணறி நின்றுவிடும். என்ன செய்தாலும் ஸ்டார்ட் ஆகாது. கிருலப்பனையில் பௌஸியின் கராஜுக்குக் கட்டியிழுத்துக்கொண்டு போனால், திறப்பைப் போட்டுத் திருப்பியவுடன் ஓடும். பௌஸி பிளக்கை மாற்றினார், கொயிலை மாற்றினார், கடைசியில் கையை விரித்தார். கராஜில் ஓடுகிற கார் வீதியில் நிற்பதென்றால் கண்ணூறுதான் என்று அண்ணர் முடிவுகட்டிச் சந்தனத்தை இன்னும் தடிப்பாக்கினார்.

அவர் மனைவி ஜெகதீஸ்வரி அக்காவைப் பொறுமைசாலி என்று யாரும் சொன்னதில்லை. போன வெள்ளி கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணம். இன்றைக்கு நின்றால் நாளைக்கே விற்பது என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார். ஓசிப் பயணம் என்று நானும் பின்னால் ஏறியிருந்தேன். அண்ணர் ஸ்டியரிங்கைத் தடவித் தடவி ஓட்டினார். எனக்கே பாவமாக இருந்தது.

கொள்ளுப்பிட்டியில் கார் நின்றது.

பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்துக் காதைக் கிழித்தன. அண்ணர் கண் கலங்கி ஸ்டியரிங்கைக் கும்பிட்டார். மனிசன் பெற்றோல் அடிக்காமல் ஏமாற்றுகிறார் என்று நினைத்த அக்கா, பட்டுச்சேலையோடு இறங்கிப்போய் மூடியைத் திருகினார். ‘புஸ்’ என்று டாங்கி காற்றை உள்ளே இழுத்தது. பழக்கதோஷத்தில் அண்ணர் இன்னொரு தரம் திறப்பைத் திருப்ப, கார் உயிர்பெற்றது.

அக்கா மூடியை உற்றுப் பார்த்தார். காற்றுப் போவதற்கென்று அதில் இருந்த சின்ன ஓட்டை முழுக்கச் சந்தனம். காற்று உள்ளே போகாவிட்டால் பெற்றோல் எப்படி எஞ்சினுக்கு வரும்? கராஜுக்கு இழுத்துப் போவதற்குள் சந்தனம் காய்ந்து வெடித்து, மெல்ல மெல்லக் காற்று உள்ளே கசிந்துவிடும், கார் ஓடும். பாவம், பௌஸி என்னதான் செய்வார்!

“அப்ப பிள்ளையை விக்கமாட்டமெல்லோ?” என்று அண்ணர் கேட்டார்.

அக்கா கொண்டை ஊசியால் சந்தனத்தைக் கிண்டியெடுத்து, அப்படியே அவர் நெற்றியில் அப்பினார்.

“விக்கத் தேவையில்லை. இனிமேல் சந்தனத்தை இஞ்ச பூசுங்கோ. இது ஏற்கெனவே அடைச்சுத்தான் கிடக்கு.”