குழலுக்குள் சுண்டுவிரல்

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். என்னுடையதைக் கொண்டுபோன அன்று, திருவாரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் அருகில் உட்கார்ந்திருந்தார். அயர்ன் கலையாத வேட்டி சட்டை, சவரம் செய்யாத முகம். மடியில், வயலில் பன்றி விரட்டுவதற்காக வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி.

அதை மடக்கித் திறந்தார். இரண்டு குழலுக்குள்ளும் சுண்டுவிரலை விட்டுத் துழாவிவிட்டு மூடினார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் திறந்து அதையே செய்தார்.

“இப்பத்தானே பாத்தீங்க? காலியாத்தான இருக்கு” என்றேன்.

“தெரியுதுங்க.”

“அப்புறம் ஏங்க?”

துப்பாக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். “அன்னிக்கும் பாத்துட்டோம்னு நெனச்சுத்தாங்க, தொடைச்சு வைடான்னு என் தம்பி கையில குடுத்தேன். இப்ப அவன் இல்லீங்க.”



தேர்தல் முடிந்து துப்பாக்கியைத் திரும்ப வாங்கப் போனபோது, அவருடையது மட்டும் அங்கேயே இருந்தது.

“வேணாம், இங்கயே இருக்கட்டும்னுட்டாரு சார்” என்றார் காவலர். “ஆனா அப்பப்ப வந்து, தொறந்து காட்டுங்கன்னு கேட்டுப் பாத்துட்டுப் போறாரு.”

வீட்டுக்கு வந்து என் துப்பாக்கியை பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாப்பிட உட்கார்ந்தவன், எழுந்துபோய்ப் பூட்டைத் திறந்தேன்.