ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டைக் கழுவிய நாள்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை நடந்தது இது. ராஜகீழ்ப்பாக்கத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் இருக்கிறோம். கணவருக்கு மறைமலை நகரில் வேலை. காலையிலேயே கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். நான் பத்தாவது வரை படித்தவள், வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். கூச்ச சுபாவம். அளவு எடுக்கும்போதுகூட அதிகம் பேச மாட்டேன்.

அன்று அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் குளியலறையில் களக் களக்கென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் ஜாலி மூடி வழியாகக் கறுப்பாகத் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. மேலே குளிக்கக் குளிக்க, துவைக்கத் துவைக்க இங்கே ஏறியது. மாடிக்குப் போய், "கொஞ்ச நேரம் தண்ணி விடாதீங்க" என்று சொல்லியிருந்தால் போதும். எனக்கு வாய் வரவில்லை. கால்மிதிகளைச் சுருட்டி வாசற்படியில் அணை கட்டிப் பார்த்தேன். அதையும் தாண்டி ஹாலுக்கு வந்துவிட்டது. தைத்து முடித்த கல்யாண பிளவுஸ்களைப் பீரோ மேல் ஏற்றிவிட்டு, கடைசியில்தான் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குப் போன் செய்தேன்.

அவர் கழிவுநீர் லாரியை வரவழைத்தார். லாரிக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். வந்ததும் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்து எல்லோர் வீட்டுக் குழாயையும் மூடவைத்தார். வெளியே கழிவுநீர்த் தொட்டியில் ஹோஸைப் போட்டு உறிஞ்சியதும் தண்ணீர் வடிந்தது.

"யக்கா, அடைப்பு எடுத்தாச்சு. கதவு, ஜன்னல் எல்லாம் தொறந்து போட்டுக் கழுவு" என்று சொல்லிவிட்டு ஹோஸைச் சுருட்ட வெளியே போனார்.

நான் நேர்மாறாகச் செய்தேன். நாற்றம் வெளியே போய் யாராவது முகம் சுளிப்பார்களோ என்று எல்லா ஜன்னலையும் சாத்தினேன். நான்கு மணிக்கு பிளவுஸ் வாங்க ஆள் வருவார்கள் என்ற அவசரம் வேறு. ப்ளீச்சிங் பவுடரை அள்ளித் தூவினேன். நாற்றம் போகவில்லை. இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பாகச் சுத்தமாகும் என்று நினைத்து, கக்கூஸ் கழுவ வைத்திருந்த ஆசிட்டை அதன் மேலேயே ஊற்றினேன்.

புஸ்ஸென்று நுரைத்தது. தொண்டையில் மிளகாய்ப்பொடியை அடைத்தது போல இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. மூச்சை இழுத்தால் இருமல்தான் வந்தது. கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரைத் தடவினேன். கூப்பிடலாம் என்றால் குரல் இல்லை. இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தது நினைவிருக்கிறது.

வெளியே ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்த லாரிக்காரருக்கு என் இருமல் கேட்டிருக்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, துண்டால் மூக்கைப் பொத்தியபடி என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போய்விட்டார்.

"இன்னாத்த கலந்த?"

பாதி பேச்சும் பாதி சைகையுமாகச் சொன்னேன்.

"ப்ளீச்சிங் மேல ஆசிட்டா? கழுவச் சொன்னா உள்ள பாம் செஞ்சுகினு கீறியே யக்கா."

வாசல் குழாயில் வெகுநேரம் கண்ணைக் கழுவவைத்தார். கதவை அகலத் திறந்து போட்டு, நெடி போகும்வரை யாரையும் உள்ளே விடவில்லை. அதற்குள் மாடிக்காரர்கள் எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஜன்னல ஏன் மூடின?" என்றார் அவர்.

"நாத்தம் வெளிய போகுமேன்னு..." என்று இழுத்தேன்.

"மூணு மாடி ஜனமும் சேந்து அனுப்பிச்சது. அதுக்கு நீ ஒருத்தி வெக்கப்பட்டுகினு கீறியா?"

முதலில் சிரித்தது இரண்டாம் மாடி டீச்சர். அதுவரை எங்களுக்குள் தலையாட்டலோடு சரி. அவர்தான் என்னை ஆட்டோவில் கிளினிக்குக் கூட்டிப்போனார். முகத்தில் குழாய் மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். நேரத்துக்கு வெளியே வந்ததால் பிழைத்தீர்கள் என்றார் டாக்டர்.

திரும்பி வந்தபோது வீட்டில் காற்று ஓடியது. மாடிப் பெண்கள் ரப்பர் கையுறையும் செருப்பும் போட்டுக்கொண்டு நின்றார்கள். லாரிக்காரர் கிளம்பியிருக்கவில்லை. "மொதல்ல வெறும் தண்ணி, நெறைய ஊத்துங்க. அப்பால சோப்பு போட்டுத் தேய்ச்சு அலசுங்க. கடைசியில ப்ளீச்சிங் மட்டும் தண்ணில கரைச்சு ஊத்துங்க. ஆசிட்டு பக்கமே போவாதீங்க" என்று வாசலில் இருந்தே சொன்னார். நனைந்த கால்மிதி, பாய் எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொன்னார். என்னை ஒரு வாளிகூடத் தொட விடவில்லை. நாற்காலி போட்டு வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். நான்கு மணிக்கு வந்தவர்கள் ஈரத் தரையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வாசலிலேயே பிளவுஸ்களை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த லாரிக்காரரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. கூச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் குளியலறையில் அந்தச் சத்தம் கேட்டால் உடனே மாடியேறி ஒவ்வொரு கதவாகத் தட்டிவிடுகிறேன். நான்கு பேர் முன்னால் வெட்கப்படுவதற்காவது உயிரோடு இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.