ஆமணக்கு தின்ற புழு

டி. கல்லுப்பட்டியில் பருத்தி விவசாயிகளைக் கூட்டிவைத்து, பூச்சிமருந்து விற்கிறவன் தட்டில் கிடந்த புழுக்கள் மேல் அதைத் தெளித்தான். எல்லாம் சுருண்டு செத்தன. பூச்சியியல் படித்த எனக்கு எரிச்சலாக வந்தது. தக்காளி இலை தின்று சவலையாய்க் கிடந்த புழுக்கள் அவை. ஆமணக்கு தின்றால் அதே புழு கொழுத்து, மருந்தையும் தாங்கும்.

என் அண்ணனுடைய பருத்தி வயலோர ஆமணக்கிலிருந்து சில புழுக்களைப் பிடித்துவந்து, "இதுக்கு அடிங்க" என்றேன். அடித்தான். அவை இலையைத் தின்றுகொண்டே இருந்தன.

"நாளைக்குச் செத்துரும் மேடம்" என்று இளித்தான்.

அப்புறமும் என் அண்ணன் அந்த மருந்தை வாங்கினார்.

"கண்ணால பாத்தீகல்ல, அண்ணே?"

"பாத்தேன் பாப்பா. குடை ஓசியாத் தாராய்ங்கள்ல!"

அந்த வருஷம் அவர் பருத்தியில் இலை நரம்புதான் மிஞ்சியது. விற்றவன் முகம் எனக்கு மறந்துவிட்டது. குடையை விரித்துப் பார்த்து அண்ணன் சிரித்த சிரிப்பைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.