வார்ப்பு போய் வந்த வீடுகள்

பாத்திரம் வாடகைக்கு விடுகிறவனுக்குக் கோபம் கூடாது என்று சொல்கிறவர்கள் என் கடையில் ஒரு முகூர்த்த மாதம் உட்கார்ந்து பார்க்கட்டும். நீங்களும் இரவல் கொடுத்த சாமான் திரும்பி வந்த கோலத்தைப் பார்த்து வயிறெரிந்தவர்தானே? அதனால் சொல்கிறேன்.

கோயமுத்தூர் தாண்டிக் கஞ்சிக்கோட்டுப் பக்கம் கடை. அண்டா, குண்டா எல்லாம் உண்டு. ராஜா ஒருவர்தான்: வார்ப்பு. வாயகன்ற வெண்கலக் கொப்பரை. காதில் கம்பு கொடுத்து நாலு பேர் தூக்க வேண்டும். வார்ப்பு வந்தால் வந்தவர்களுக்கெல்லாம் பாயாசம் என்று அர்த்தம். வேறு அர்த்தம் எனக்குத் தெரியாது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

புதுமனை

கிருகப்பிரவேசத்துக்கு என்று எடுத்துப் போனார்கள். விருந்து முடிந்தும் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால், காம்பவுண்டுச் சுவருக்கு அதில் சிமென்ட் குழைத்துக்கொண்டிருக்கிறார் கொத்தனார். மண்வெட்டி உரசியதில் எனக்குப் பல் கூசியது. நான் கத்தியதும் வீட்டுக்காரர் நிதானமாக வெளியே வந்தார்.

"பாயாசம் வெச்சு முடிச்சாச்சுல்லங்க. சும்மாத்தானுங்க கெடந்துச்சு."

பூக்குளியல்

மலைமேல் சின்னக்கானலில் விடுதி நடத்துகிறவர் ஒருவர், கோயமுத்தூருக்குச் சாமான் ஏற்ற வந்தபோது, ஓணத்துக்கு வேண்டும் என்று வாங்கிப் போனார். ஒரு வாரம் கழித்து என் மகள் போனில் ஒரு படம் காட்டினாள். என் வார்ப்பில் வெந்நீர், வெந்நீரில் சாமந்திப்பூ, நடுவே ஒரு தம்பதி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கூப்பிட்டுக் கண்டபடி ஏசினேன். அந்த ஆள் என்னைச் சமாதானப்படுத்தினார்.

"சோப்பு ஒண்ணும் போடல அண்ணாச்சி, பூவு மட்டுந்தான்."

தோட்டக்காரர்

பெரிய தென்னந்தோப்புக்காரர், கோயில் கமிட்டியிலும் இருப்பவர். புதன்கிழமை அன்னதானத்துக்கு வார்ப்பு வேண்டும் என்றார். சரி என்றேன். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறது என்று விசாரித்தார். காலனியில் மரகதம் மகள் கல்யாணத்துக்கு என்றேன். மரகதம் இங்கே ஒரு பேக்டரியில் கூட்டிப் பெருக்குகிறவள்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அவங்களுக்கு ரெண்டு சின்ன அண்டாவக் குடுத்து உடுங்க. எங்களுக்கு முன்னால வார்ப்பு அங்க போவக்கூடாதுங்க." சிமென்ட் குழைத்ததையும் ஜோடி குளித்ததையும் சொல்லி, அது பரவாயில்லையா என்று கேட்டேன்.

"அதெல்லாம் கழுவினாப் போயிருமுங்க."

மரகதம்

தோட்டக்காரர் என் பதிலுக்கு நிற்கவில்லை. நான் சம்மதித்ததாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மரகதம் காதுக்கும் விஷயம் எட்டியிருந்தது. வாசலில் தயங்கி நின்றாள். "என் கல்யாணத்துல சின்னச் சின்னதா வெச்சு, பாதிப் பந்தியோட பாயாசம் தீந்து போச்சுங்கண்ணா. எம் புள்ளைக்காவது அப்பிடி ஆகக்கூடாதுன்னு நெனச்சேன். அவரால உங்களுக்கு வம்புன்னா வேண்டாமுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் ஒரு பக்கம் கம்பு பிடித்து வார்ப்பை லோடு ஆட்டோவில் ஏற்றினேன். சோற்றுக்கு அவர் சொன்ன அந்த இரண்டு சின்ன அண்டாவையும் கூடவே கொடுத்தேன். திங்கட்கிழமை மூன்றையும் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து இறக்கினாள்.

"கடைசிப் பந்திக்கும் பாயாசம் கெட்டியாவே இருந்துச்சுங்கண்ணா."

பளபளப்பு

மறுநாள் தோட்டக்காரர் வந்தார். வார்ப்பின் விளிம்பைத் தடவி, "பாத்தீங்களா, கண்ட எடத்துக்கு அனுப்பாம வெச்சிருந்தா எப்பிடி மின்னுது" என்றார். மரகதம் தேய்த்தது, கல்யாணத்துக்குப் போய் வந்தது என்றேன். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். கடையைச் சுற்றிப் பார்த்தார்.

"அப்ப அந்த ரெண்டு சின்ன அண்டாவே போதுமுங்க."

மரகதம் வீட்டுக் கல்யாணச் சோறு வெந்தது அந்த இரண்டிலும்தான். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, புதன்கிழமை கோயிலில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.