ஐந்தாம் வசனம்

என் மனைவியும் அவளுடைய அக்காவும் ஏறக்குறைய ஒரு வருடம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. இரண்டு வீடும் ஒரே வளவில்தான் இருந்தன. நடுவில் ஒரு மட்டை வேலி. வேலியோரம் இரு வீட்டுக்கும் பொதுவான கிணறு. அக்கா தண்ணீர் அள்ள வரும் சத்தம் கேட்டால் என் மனைவி குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள். என் மனைவி கிணற்றடியில் நின்றால் அக்கா வீட்டுக் கதவு திறக்காது.

எங்கள் பகுதியில் கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் வாவிக்கரையிலிருந்த அந்த வளவுக்கு வந்து சேர்ந்தேன். அரசாங்க றோட்டு வேலையில் கூலியாட்களை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தேன். அப்போது ஓட்டமாவடிப் பக்கம் றோட்டுக்குக் கிறவல் மண் போட்டுக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமை பின்னேரம்தான் வீடு. ஆகவே அந்த வீட்டில் நடந்தவற்றைத் துண்டு துண்டாகவே நான் கண்டேன். நடுவில் நடந்தவை பிறகு கேட்டுத் தெரிந்தவை.

சண்டைக்குக் காரணம் அவர்களுடைய அம்மாவான என் மாமியாரின் மரணம். மாமி என் மனைவியோடு, அதாவது எங்கள் வீட்டில்தான் இருந்தார். அக்கா கைம்பெண். அவளுடைய ஒரே மகளின் புருஷனுக்கு வாழைச்சேனை றெயில் ஸ்டேஷனில் வேலை. மகளுக்கு முதல் பிரசவம் என்று அக்கா வாழைச்சேனைக்குப் போயிருந்த நேரத்தில் மாமிக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் நெஞ்சுச் சளியாகி, ஒரு வாரத்துக்குள் மாமி போய்விட்டார். தந்தி கிடைத்து அக்கா கோச்சி ஏறி வந்து இறங்கியபோது, அடக்கம் முடிந்து நாங்கள் சேமக்காலையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம்.

றோட்டில், எல்லோருக்கும் முன்னால், அக்கா தங்கையைப் பார்த்துக் கேட்டாள். “ஒரு வாரமாப் படுத்துக் கிடந்திரிக்கா. ஒரு சொல் அனுப்ப உனக்கு ஏலாமப் போச்சு. அம்மாவ நீ மட்டும்தானா பெத்தெடுத்தாய்?”

கடைசிக் கேள்வி தலைகீழாக வந்ததை அவள் கவனிக்கவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை. அக்கா தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்றோடு பேச்சு நின்றது.

மறு வருடம் தை மாதத்தில் எங்கள் சபைப் போதகரின் மனைவி, பெண்கள் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னார். பங்குனியில் வரும் அறுப்புப் பண்டிகைக்குப் பெண்கள் சோடி சோடியாக வேதத்தில் ஒரு பகுதியை மனப்பாடம் செய்து ஒப்புவிக்க வேண்டும். ஒரு வசனம் ஒருத்தி, மறு வசனம் மற்றவள். பக்கத்து வீட்டுக்காரிகளாகப் பார்த்துச் சோடி சேர்த்தார். அக்காவும் தங்கையும் ஒரு சோடி. அவர்களுக்குக் கிடைத்தது புதிய ஏற்பாட்டு நிருபங்களில் அன்பைப் பற்றி வரும் அந்தப் பதின்மூன்று வசன அதிகாரம்.

போதகரம்மா இதை வேண்டுமென்றே செய்தார் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். பல வருடங்களுக்குப் பிறகு நான் அவரிடமே கேட்டேன். அவர் ஊருக்குப் புதிதாக வந்திருந்த காலம் அது. இருவரும் பேசுவதில்லை என்பதே தனக்குத் தெரியாது என்றார்.

கூட்டத்தில் வைத்து மாட்டேன் என்று சொல்ல இருவருக்கும் வெட்கம். ஒப்புக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்து முகம் கழுவுவதற்கு முன்பே என் மனைவி விஷயத்தைச் சொன்னாள்.

“நீங்கதான் நடுவில இருந்து கேக்க வேணும்,” என்றாள். “நான் அவவோட கதைக்க மாட்டன்.”

“கதைக்காம எப்படி ஒப்புவிக்கிறது?”

“வசனம் சொல்லுறது கதைக்கிறது இல்லையே.”

அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். பார்வையும் மங்கல். காதால் கேட்டே படிக்க வேண்டும். ஆகவே சனிக்கிழமை பின்னேரங்களில் நான் ஒரு கதிரையை வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த கடப்புக்குப் பக்கத்தில் போட்டு, மடியில் வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருவேன். அக்கா அந்தப் பக்கம் ஒரு பலகையில் இருந்து கீரை ஆய்வாள். இந்தப் பக்கம் என் மனைவி விறாந்தையில் இருப்பாள். மூத்தவள் என்பதால் முதல் வசனம் அக்காவுக்கு. ஒற்றைப்பட்ட வசனங்கள் எல்லாம் அவளுடையவை, இரட்டைப்பட்டவை தங்கையுடையவை. என் மனைவி விறாந்தைத் தூணைப் பார்த்து ஒப்புவிப்பாள், அக்கா கீரையைப் பார்த்து ஒப்புவிப்பாள். அன்பு எவ்வளவு பொறுமையானது, எவ்வளவு தயவானது என்று இருவரும் கடுகடுத்த முகத்தோடு சொல்லிக்கொண்டு போவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஏச்சு விழும் என்று புத்தகத்தைக் குனிந்து பார்ப்பேன்.

இந்த வேலையால் அதிகாரம் முழுவதும் முதலில் பாடமானது எனக்குத்தான். நான் படிக்க நினைக்கவில்லை, அது தானாக ஏறிக்கொண்டது. ஓட்டமாவடி றோட்டில் ஒரு நாள் கிறவலைத் தவறான இடத்தில் கொட்டிய கூலியாள் ஒருவனை ஏச வாயெடுத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் அன்பின் பொறுமையைச் சொல்லும் நாலாம் வசனம் வந்து நின்றது. ஏசவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. “அள்ளி அங்கால போடு,” என்று மட்டும் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது.

கிறவல் ஏற்றி வரும் வண்டில்காரர் ஓட்டமாவடி முஸ்லிம் ஒருவர். நான் முணுமுணுப்பதைக் கவனித்து ஒரு நாள் கேட்டார்.

“ஓவசியர் ஐயா என்ன ஓதுறீங்க?”

“எங்கட வேத வசனம்.”

“மறந்து போகாம இரிக்கவா?”

“மறக்கத்தான் பாக்கிறன், ஏலாமக் கிடக்கு.”

அவர் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மாசி மாதம் வந்தபோது என் மனைவிக்கு அவளுடைய வசனங்கள் எல்லாம் சரளமாகிவிட்டன. அக்காவும் எல்லாம் சொன்னாள், ஐந்தாம் வசனத்தின் கடைசித் துண்டைத் தவிர. பிறர் செய்த தீமையை அன்பு மனதில் வைத்திருக்காது என்ற பொருளில் வரும் இரண்டு சொற்கள் அவை. முன்னுள்ளதை எல்லாம் சொல்லிவிட்டு அந்த இடத்தில் நின்றுவிடுவாள். நான் எடுத்துக் கொடுப்பேன். “ம்” என்பாள். அடுத்த முறையும் அங்கேயே நிற்பாள். ஞாபகமறதி என்றே நான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை நான் கொஞ்சம் அலுப்போடு, “மச்சாள், ரெண்டே ரெண்டு சொல். அதையும் சேத்துச் சொல்லுங்க,” என்றேன்.

அவள் கீரையைச் சுளகில் வைத்தாள். “அது எனக்குத் தெரியும், மச்சான். முதல் நாளே பாடம். ஆனா சொல்ல மாட்டன்.”

“ஏன்?”

“கோயிலில நிண்டு பொய் சொல்லச் சொல்லுறீங்களா?”

நான் புத்தகத்தை மூடினேன். விறாந்தையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. தூணைப் பார்த்துப் பேசவில்லை.

“அப்படியெண்டா எனக்கும்தான் பொய். அன்பு பொறுமையானதெண்டு நான் சொல்லுறன். என்ன பொறுமை எனக்கு இரிக்கி?”

அக்கா திரும்பினாள். “நீ ஏன் சொல் அனுப்பல்ல?”

“அம்மா வேணாமெண்டா.”

“அம்மாவா?”

“ஓம். புள்ளைக்கு வலி எடுக்கிற நேரம், மூத்தவளுக்குச் சொன்னா விட்டுப்போட்டு ஓடி வந்திருவா, சொல்லாத எண்டா. எனக்குச் சுகமாகும், மறுகா சொல்லலாமெண்டா. ரெண்டு மூண்டு தரம் சொன்னா.”

“இத ஏன் இவ்வளவு நாளும் என்னட்டச் சொல்லல்ல?”

“நீங்க கேக்கல்ல. றோட்டில வெச்சு ஏசினீங்க, போய்க் கதவச் சாத்தினீங்க.”

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் என் மனைவிக்கு நல்லது. சண்டை அவள் பக்கம் நியாயமாக முடிந்திருக்கும். அவள் நிறுத்தவில்லை. எழுந்து கடப்பு வரை வந்தாள்.

“ஆனா அக்கா, கடைசிக்கு முதல் நாள் அம்மா உங்களக் கேட்டவ. நீங்க எங்க எண்டு கேட்டா. நான் அண்டைக்கே தந்தி அடிச்சிருக்க வேணும். விடியட்டும் எண்டு இருந்திட்டன். விடியிறதுக்குள்ள அம்மாட பேச்சு நிண்டிட்டு.”

இது எனக்கும் புதிது. அந்த வீட்டில் அவளோடு இருந்த எனக்கே அவள் சொல்லியிருக்கவில்லை. நான் அந்த வாரம் வேலையில் இருந்தேன்.

அக்கா சுளகிலிருந்த கீரையைக் கையால் பரப்பினாள். பிறகு, “என்னக் கேட்டவவா?” என்றாள்.

“ஓம்.”

“என்னெண்டு கேட்டா? பேர் சொல்லியா?”

“பேர் சொல்லித்தான்.”

அக்கா சுளகை எடுத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. என் மனைவி கடப்பில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவளும் உள்ளே வந்து அடுப்பை மூட்டினாள். அன்று இரவுச் சாப்பாட்டில் மீன் குழம்புக்கு உப்புப் போடப்படவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. கோயிலில் இருவரும் வேறு வேறு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். திங்கள் நான் வேலைக்குப் போனேன். அடுத்த சனிக்கிழமை திரும்பி வந்தபோது, இருவரும் கிணற்றடியில் நிற்பதைக் கண்டேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள், என் மனைவி வாளியில் தண்ணீர் இழுத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். பேச்சு அதிகமில்லை. “போதும்,” “இன்னும் கொஞ்சம்,” அவ்வளவுதான். இடையில் என்ன நடந்தது என்று மனைவியிடம் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்றாள். புதன்கிழமை அக்கா தானாகவே கடப்பால் வந்து, அம்மா படுத்திருந்த கட்டிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாளாம்.

அன்று பின்னேரம் கதிரையைப் போட்டேன். ஒப்புவித்தார்கள். அக்கா ஐந்தாம் வசனத்தில் அதே இடத்தில் நின்றாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. என் மனைவி சற்றுப் பொறுத்து ஆறாவதைத் தொடங்கினாள்.

அறுப்புப் பண்டிகையன்று கோயில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் நெற்கதிர்க் கட்டுகளும் பூசணியும் வாழைக்குலையும் கிடந்தன. யாரோ கொண்டுவந்த சேவல் ஒன்று காலில் கயிற்றோடு நின்று, ஒப்புவித்த எல்லாச் சோடிக்கும் குறுக்கே கூவியது. இவர்கள் இருவரும் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ எழுந்தார்கள். அக்கா முதல் வசனத்தைச் சொன்னாள், தங்கை இரண்டாவதை. ஐந்தாம் வசனம் வந்தது. அவள் சொல்லிக்கொண்டே போய், அந்த இரண்டு சொற்களுக்கு முன்னால் நிறுத்தினாள். போதகரம்மா முன் வாங்கிலிருந்து உதடுகளை அசைத்து எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை.

என் மனைவி ஆறாவதைத் தொடங்கவில்லை. அக்கா விட்ட இரண்டு சொற்களையும் தானே சொன்னாள். அதன் பிறகு மூச்சு விடாமல் தன்னுடையதைத் தொடர்ந்தாள். இதெல்லாம் இரண்டு விநாடிக்குள் நடந்து முடிந்தது. சபையில் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அப்படித்தான் பிரித்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா கேட்டாள். “நீ ஏன் என்ட துண்டச் சொன்னாய்?”

“ஆராவது சொல்லத்தானே வேணும்.”

“சபைக்கு முன்னால எனக்கு வெட்கமாப் போச்சு.”

“நீங்க நிண்டதுக்கு எனக்கும் வெட்கம்தான்.”

இருவரும் இதைப் பற்றி வீடு வரும் வரை வாய்த்தர்க்கம் பண்ணினார்கள். நான் பின்னால் வந்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர்கள் தொடர்ந்து பேசியதை அன்றுதான் கேட்டேன்.

அதற்கு அடுத்த மாரி மழையோடு ஊரெங்கும் மலேரியா பரவியது. எங்கள் வீட்டில் என் மனைவிதான் முதலில் விழுந்தாள். நான் விடுமுறை கேட்டு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நாட்களில், அக்கா எங்கள் வீட்டுக்கே பாயைக் கொண்டு வந்துவிட்டாள். விடுமுறை கிடைத்து நான் வந்த பிறகும் அவள் போகவில்லை. கொயினா மருந்தின் கசப்புக்குத் தங்கை முகத்தைத் திருப்பினால், தாடையைப் பிடித்து ஊற்றினாள். கஞ்சி வைத்தாள், துணி துவைத்தாள், ஓயாமல் ஏசினாள். சிறு வயதிலிருந்தே சொன்ன சொல் கேளாதவள், ஈரத்தலையோடு நின்றவள், இப்படிப் பழைய குற்றங்கள் எல்லாம் அந்த ஏச்சில் வந்தன. அம்மாவின் காரியம் மட்டும் வரவில்லை. நான் அதைக் கவனித்தேன், அவளிடம் சொல்லவில்லை.

குளிர் வந்து நடுங்கும் நேரத்தில் என் மனைவி தன்னையறியாமல் ஏதேதோ பிதற்றுவாள். ஒரு மத்தியானம் அந்த அதிகாரத்தைச் சொல்லத் தொடங்கினாள், தன்னுடைய இரட்டை வசனங்களை மட்டும். ஒன்றைச் சொல்லிவிட்டு இடைவெளி விட்டுக் காத்திருப்பாள். அக்கா நெற்றிக்கு ஈரத்துணி போட்டபடி தன்னுடையதைச் சொன்னாள். ஐந்தாவது வந்தபோது நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா அதை முழுதாகச் சொன்னாள். இடையில் நிற்கவில்லை, குரலிலும் வேறுபாடில்லை. காய்ச்சல்காரி அடங்க வேண்டும் என்பதில்தான் அவள் கவனம் இருந்தது. தான் சொன்னது அவளுக்கே தெரிந்ததா என்று என்னால் நிச்சயமாகக் கூற முடியாது.

மனப்பாடம் செய்வதால் மனிதருக்கு அன்பு பெருகுமா என்று பிற்காலத்தில் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சபையில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுக்கும் வேலை சில வருடம் என்னிடம் இருந்ததால் கேட்டார்கள். பொதுவாகச் சொல்லும் அளவுக்கு நான் பார்த்ததில்லை. என் மனைவியின் அக்கா அந்த இரண்டு சொற்களை முதல் நாளே பாடமாக்கி, ஒரு வருடம் வாயில் வைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்தாள். சொல்ல முடியாதது என்ன என்று அவளுக்குத் தெரிந்ததே அந்தப் பாடத்தால்தான். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

என் மனைவி எழுந்து நடமாடத் தொடங்கியதும் அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். அடுத்த பங்குனிப் பண்டிகைக்கு மறுபடியும் அவர்களையே சோடி சேர்த்தார்கள், இந்த முறை ஒரு நீண்ட சங்கீதம். எனக்கு அதற்குள் தெற்கே இடமாற்றம் கிடைத்துவிட்டது. கேட்பதற்கு ஆளில்லாமல் அவர்களே ஒருவருக்கொருவர் கேட்டுப் படித்தார்கள். பாதி வரை படித்துவிட்டு, யார் முதலில் தொடங்குவது என்பதில் தகராறு பட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள் என்று மனைவி கடிதத்தில் எழுதியிருந்தாள். மூன்றாம் நாள் அக்காவுக்குக் கத்தரிக்காய் தேவைப்பட்டு, கடப்பில் வந்து நின்று கேட்டாளாம்.